வானத்துக்கு வாடகை

அமெரிக்காவிலே சில காலமாக ஒரு விடுதலைக் கோஷம் ஓங்கி ஒலித்து வருகின்றது. ஆலைகளிலிருந்தோ வயல்களிலிருந்தோ எழுந்த கோஷமன்று அது. வரவேற்பறைச் சோபாக்களிலிருந்து எழுந்தது. "கம்பியை அறுத்தெறியுங்கள்" என்பதே அக்கோஷம். கேபிள் தொலைக்காட்சிக் கொம்பனிக்கு மாதந்தோறும் கப்பங் கட்டுவதை நிறுத்துங்கள். கூரையிலோ யன்னலோரத்திலோ ஓர் அன்ரனாவைப் பொருத்துங்கள். அதற்கு மேலாக, ஸ்ட்ரீமிங் என அழைக்கப்படும் இணையவழி ஒளிபரப்புச் சேவைகளில் விரும்பிய ஒன்றிரண்டுக்கு மாத்திரம் பணஞ் செலுத்துங்கள். அத்துடன் அடிமைத்தளை அறுந்தது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இவ்வாறு அறுத்தோர் தொகை கோடிக்கணக்காகப் பெருகிவிட்டது. நுகர்வோன் விழித்துக்கொண்டான், ஏகபோகம் தானாகவே வீழ்ந்தது, சந்தை தன் நோயைத் தானே மாற்றிக்கொண்டது என்று இதிலிருந்து ஒரு தத்துவமும் வடித்தெடுக்கப்படுகின்றது.

இத்தத்துவத்தோடுதான் நமக்குச் சண்டை. அன்ரனாவோடு நமக்குச் சண்டையில்லை. அதை வாங்கிப் பொருத்தும் சாதாரண அமெரிக்கக் குடும்பத்தோடும் சண்டையில்லை. மாதம் நூறு டொலருக்கு மேல் கேபிளுக்குக் கட்டிவந்த ஒரு குடும்பம், முப்பது நாற்பது டொலருக்கு ஒரு முறை வாங்கும் கருவியால் அச்செலவின் பெரும்பகுதியை மிச்சப்படுத்துமாயின், அது புத்திசாலித்தனமான காரியமே. கணக்குச் சரி. கணக்கிலிருந்து பெறப்படும் முடிவுதான் பிழை.

அமெரிக்கரின் வரவேற்பறை விவகாரம் நமக்கெதற்கு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். அவ்விணையச் சேவைகளுள் முதன்மையானது 2016ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரே நாளில் நூற்று முப்பது நாடுகளுக்குத் தன் கடையை விரித்தபோது இலங்கையும் அவற்றுள் ஒன்றாயிற்று. "தெரிவுச் சுதந்திரம்" என்னும் அதே சொற்றொடரை இன்று நம் ஆசிரிய அறைகளிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் கேட்கின்றோம். சொல்லை இறக்குமதி செய்வோர் அதன் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

கேபிள் தொலைக்காட்சி எவ்வாறு பிறந்தது? இக்கதையைக் கம்பி அறுப்போர் பலர் அறியார். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் தொலைக்காட்சி நிலையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே இருந்தன. தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிலே செல்வன. மலையொன்று குறுக்கிட்டால் அதற்கப்பாலுள்ள பள்ளத்தாக்கில் திரை வெறும் புள்ளி மழையாகவே கிடக்கும். பென்சில்வேனியா மாநிலத்தின் கிழக்கிலுள்ள நிலக்கரிப் பிரதேசம் அத்தகைய பள்ளத்தாக்குகள் நிறைந்தது. பிலடெல்பியா நகரத்து ஒளிபரப்பு மலைமுடிக்கு எட்டியது. மலையடியிலே குடியிருந்த சுரங்கத் தொழிலாளியின் வீட்டுக்கு எட்டவில்லை. மஹனோய் சிற்றி என்னும் ஊரில் மின்சாரப் பொருட்கள் விற்றுவந்த ஜோன் வோல்சன் என்பவர், தம் கடையிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகள் விலைபோகாமையைக் கண்டு, 1948ஆம் ஆண்டில் மலைமேல் ஓர் அன்ரனாவை நாட்டி அங்கிருந்து ஊருக்குள் கம்பி இழுத்தார் என்பர். அதே ஆண்டில் நாட்டின் மறுகோடியில், ஓரிகன் மாநிலத்து அஸ்ரோரியாவில், எட் பார்சன்ஸ் என்பவர் ஒரு ஹோட்டற் கூரையில் அன்ரனா வைத்து, சியற்றில் நகரத்து நிலையத்தைப் பிடித்து அயலவருக்கும் பகிர்ந்தார். 1950இல் லான்ஸ்போர்ட் என்ற மற்றொரு நிலக்கரி ஊரில் ரொபேட் ராள்ற்றன் என்பவர் இதனை ஒழுங்கான நிறுவனமாகவே நடத்தத் தொடங்கினார்.

அந்நாளில் இதற்கு வழங்கிய பெயர் என்ன தெரியுமா? "சமுதாய அன்ரனாத் தொலைக்காட்சி." ஊருக்கொரு பொதுக்கிணறு போல ஊருக்கொரு பொது அன்ரனா. தனித்தனியே மலையேற முடியாதவர்கள் கூடி ஒரு கம்பத்தை மலைமேல் ஏற்றினர். அதாவது, இன்று எந்தக் கம்பியை அறுத்து எந்த அன்ரனாவை நாட்டுக என்கிறார்களோ, அந்தக் கம்பி அந்த அன்ரனாவின் வாலாகவே தோன்றியது. தேவையிலிருந்து பிறந்த, மக்களுக்கு உதவிய ஒரு தொழில்நுட்பம் அது. அதை விலங்காக்கியது கம்பியின் குணமன்று. கம்பி யார் கையிற் சேர்ந்தது என்பதே.

சேர்ந்த வகையைச் சுருக்கமாகக் கூறலாம். ஒரு நகரத்துக் கம்பங்களில் கம்பி இழுக்கும் அநுமதியை நகரசபை பொதுவாக ஒரு கொம்பனிக்கே வழங்கியது. இரண்டாவது கம்பி இழுப்பதற்கு முதல் அதிகம். ஆகவே போட்டி என்பது பெரும்பாலான ஊர்களில் ஏட்டுச்சுரைக்காய். 1972இல் ஹோம் பொக்ஸ் ஒபிஸ் என்ற கட்டணச் சேவை தொடங்கியது. அதுவும் அதே பென்சில்வேனிய நிலக்கரிப் பிரதேசத்தில், வில்க்ஸ்-பேரி நகரிலேயே தொடங்கியது என்பது சரித்திரத்தின் குறும்பு. 1975இல் அது செய்மதி மூலம் நாடெங்கும் பரந்தது. 1984இல் ரேகன் ஆட்சியிற் பிறந்த சட்டம் கேபிள் கட்டணத்தின்மீது நகரசபைகளுக்கிருந்த பிடியைத் தளர்த்தியது, கட்டணம் ஏறியது. மக்கள் கூச்சலிட, 1992இல் ஜனாதிபதி புஷ்ஷின் தடையையும் மீறிக் காங்கிரஸ் மீண்டும் கட்டுப்பாடு விதித்தது. அந்த ஜனாதிபதியின் காலத்தில் அவரது தடை மீறப்பட்டது அந்த ஒரு முறைதான் என்பதிலிருந்து மக்களின் கோபத்தை அளந்துகொள்ளலாம். 1996இல் இன்னொரு சட்டம் வந்து அக்கட்டுப்பாட்டின் பெரும்பகுதிக்கு 1999ஆம் ஆண்டோடு முடிவு குறித்தது. கயிறு இழுபட்டது, இறுதியில் எப்பக்கம் சென்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வாறு வளர்ந்த வியாபாரத்தின் முதுகெலும்பு "கட்டு" என்பது. ஒரு கத்தரிக்காய் வேண்டுமானால் சந்தையிலுள்ள மரக்கறி முழுவதையும் வாங்கவேண்டும் என்பது போன்ற நியாயம் இது. 2013ஆம் ஆண்டில் சராசரி அமெரிக்க வீடு 189 அலைவரிசைகளைப் பெற்றது. பார்த்ததோ 17 என்று நீல்சன் நிறுவனம் கணக்கிட்டது. மிகுதி நூற்றெழுபதுக்கும் அவ்வீடு பணங் கட்டியது.

இதைவிடக் கவனிக்கத்தக்க விடயம் ஒன்றுண்டு. மேற்கூறிய 1992ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, மக்களுக்குச் சார்பான கட்டுப்பாட்டோடு கூட, ஒளிபரப்பு நிலையங்களுக்கு ஒரு புதிய உரிமையும் கொடுக்கப்பட்டது. தம் ஒளிபரப்பைக் கேபிள் மூலம் கொண்டு செல்வதற்குச் சம்மதப் பணம் கேட்கும் உரிமை அது. அன்ரனா வைத்தவனுக்கு இனாமாகக் கிடைக்கும் அதே நிலையத்துக்கு, கேபிள் வைத்தவன் பணங் கட்டினான். அந்நிலையத்துக்கு அலைவரிசையை இலவசமாகக் கொடுத்தவர்களும் அவனைப் போன்ற பொதுமக்களே. தன் காணியைக் குத்தகையின்றிக் கொடுத்துவிட்டு, அதில் விளைந்த நெல்லைத் தானே விலைக்கு வாங்குபவன் நிலை இது. நிலையமும் கேபிள் கொம்பனியும் இச்சம்மதப் பணத்தைப் பற்றிப் பிணங்கும்போதெல்லாம் சில நாட்களுக்குத் திரை இருண்டது. யானைகள் மோதின, மிதிபட்டது புல்.

ஆகவே கம்பியை அறுத்தவனின் கோபத்தில் நியாயம் இருந்தது. அந்நியாயமான கோபத்தை அறுவடை செய்தவர் யார் என்பதே கேள்வி.

நெட்பிளிக்ஸ் 2010ஆம் ஆண்டின் இறுதியில் இணையவழிச் சேவையைத் தனியாக விற்கத் தொடங்கியபோது விலை மாதம் 7 டொலர் 99 சதம். 2025 ஜனவரியில் விளம்பரமில்லாத சாதாரணச் சந்தா 17 டொலர் 99 சதமாயிற்று. பழைய 7 டொலர் 99 சதத்துக்கு அப்போது கிடைத்தது விளம்பரத்தோடு கூடிய சந்தா. எதற்குத் தப்பி ஓடினார்களோ அதற்கே பணங் கட்டுகிறார்கள். டிஸ்னியின் சேவை 2019 நவம்பரில் 6 டொலர் 99 சதத்துக்கு வந்தது. 2025 ஒக்டோபரில் விளம்பரமற்ற சந்தா 18 டொலர் 99 சதம். கேபிளின் முழுக் கட்டையும் இணையத்திலே விற்கும் யூரியூப் ரிவி 2017இல் 35 டொலருடன் தொடங்கி 2025 ஜனவரியில் 82 டொலர் 99 சதத்தை எட்டியது. அமேசன் 2024 ஜனவரியில் இருந்த சந்தாதாரர் யாவருக்கும் விளம்பரத்தைப் புகுத்தி, அது வேண்டாதவர் மேலும் 2 டொலர் 99 சதம் தரவேண்டும் என்றது. முதலில் மலிவு விலையில் பழக்கத்தை விதைப்பது, பழகியபின் அறுப்பது: புடைவைக் கடையிலிருந்து பால்மா வரையில் நாம் அறியாத தந்திரமா இது? 2023இல் நெட்பிளிக்ஸ் இன்னொரு காரியமும் செய்தது. பெற்றாரின் சந்தாவை வேறிடத்தில் வசிக்கும் பிள்ளை பயன்படுத்துவது அதுவரை கண்டுங் காணாமல் விடப்பட்டிருந்தது. அது மேலதிகக் கட்டணத்துக்குரியதாயிற்று. குடும்பம் என்பது ஒரே கூரையின் கீழ் வசிப்போர் என்று ஒரு கொம்பனி வரையறை செய்தது. தொழில் தேடி ஊர்விட்டு ஊர் போகும் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு அந்த வரையறையில் இடமில்லை.

இவற்றுக்கெல்லாம் உடைமையாளர் யார்? பீகொக் என்ற இணையச் சேவை என்.பி.சி. வலையமைப்புக்குச் சொந்தம், அவ்வலையமைப்பு, 2011இலும் 2013இலும் இரு தவணைகளில், கேபிள் முதலாளியான கொம்காஸ்டின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. டிஸ்னிக்கு ஏ.பி.சி. வலையமைப்பும் உண்டு, இணையச் சேவைகளும் உண்டு. பரமவுண்டுக்கு சி.பி.எஸ்.ஸும் உண்டு, இணையச் சேவையும் உண்டு. முன்வாசலால் வெளியேறிய வாடிக்கையாளனைப் பின்வாசலில் அதே முதலாளி வரவேற்கிறார்.

அறுத்தது எந்தக் கம்பியை என்பதும் ஒரு கேள்வி. இணையச் சேவை காற்றிலே வருவதில்லை. அதற்கு அகன்ற இணைய இணைப்பு வேண்டும். அமெரிக்க வீடுகளுக்கு அதை விற்கும் மிகப் பெரிய இரு கொம்பனிகள் கொம்காஸ்டும் சார்ட்டரும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ மூன்று கோடி இணைய வாடிக்கையாளர். இரண்டும் கேபிள் கொம்பனிகளே! தொலைக்காட்சிக்கென வந்த அதே செப்புக் கம்பியாலேயே இணையமும் வருகின்றது. விலங்கு அறுபடவில்லை, விலங்கின் பெயர்ப்பலகை மாறியது. இதனாலேதான் தொலைக்காட்சிச் சந்தாதாரர் இலட்சக்கணக்கில் நீங்கியபோதும் கேபிள் அதிபர்கள் தலையில் துணி போட்டுக்கொண்டு குந்தவில்லை.

"வேண்டாதபோது நிறுத்திக்கொள்ளலாமே, கேபிளிலே அந்த வசதி உண்டா?" என்று எதிர்வாதஞ் செய்வோர் உளர். உண்மை, கேபிள் ஒப்பந்தத்தின் இரும்புப் பிடியோடு ஒப்பிட்டால் இது ஒரு முன்னேற்றமே, அதை மறுப்பதற்கில்லை. ஆயின் இச்சுதந்திரம் யாருடையது? மாதந்தோறும் ஒரு சேவையை நிறுத்தி இன்னொன்றைத் தொடங்கி, எந்தப் படம் எங்கே இருக்கிறதென்று கணக்கு வைத்திருப்பதற்கு ஓய்வும் கடன் அட்டையும் நல்ல இணைய இணைப்பும் உடையவனுடையது. இணைய இணைப்புக்கே வழியில்லாதவனுக்கு? பெருந்தொற்றுக் காலத்தையடுத்து, வறிய குடும்பங்களின் இணையக் கட்டணத்துக்கு மாதம் 30 டொலர் உதவும் திட்டமொன்றை அமெரிக்க அரசு நடத்தியது. 2 கோடி 30 இலட்சம் குடும்பங்கள் அதிற் சேர்ந்திருந்தன. காங்கிரஸ் மேற்கொண்டு பணம் ஒதுக்காமையால் 2024 ஜூன் முதலாந் தேதியோடு அது முடிந்தது. அந்த இரண்டு கோடிக் குடும்பங்களிடம் போய் "தெரிவுச் சுதந்திரம்" பற்றிப் பேசுக.

இன்னொரு கூட்டத்தாரையும் நாம் மறந்துவிடலாகாது. திரையிலே தோன்றுவதை உண்டாக்கும் உழைப்பாளிகள் அவர்கள். பழைய ஒளிபரப்பு முறையில் ஒரு நாடகம் மறுபடி மறுபடி காட்டப்படும்போதெல்லாம் எழுதியவருக்கும் நடித்தவருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அது தருமமாகக் கிடைத்ததன்று. 1960ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் முதலாகத் தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றது. இணையச் சேவையிலே மறுஒளிபரப்பு என்பதே இல்லை. படைப்பு எந்நேரமும் கிடக்கும். எத்தனை பேர் பார்த்தனர் என்பதோ முதலாளியின் பெட்டகத்து இரகசியமாயிருந்தது. எண்ணிக்கை தெரியாதவிடத்துப் பங்கு கேட்பது எவ்வாறு? 2023ஆம் ஆண்டிலே ஹொலிவூட் எழுத்தாளர் 148 நாட்களும் நடிகர் 118 நாட்களும் வேலைநிறுத்தஞ் செய்ததற்கு முக்கிய காரணங்களுள் இது ஒன்று. "ஹொலிவூட் நடிகனுக்கு என்ன குறை?" என்று கேட்கும் நண்பருக்கு: சுவரொட்டியில் முகம் காட்டும் பத்துப் பேரைப் பற்றியதன்று இப்பேச்சு. ஒரு காட்சியில் வந்து இரண்டு வசனம் பேசி, அதன் பங்குப் பணத்தால் அடுத்த வேலை வரும்வரை வீட்டு வாடகை கட்டிய ஆயிரக்கணக்கானோரைப் பற்றியது. சந்தா 18 டொலருக்கு ஏறிய காலமும், அவர்களின் பங்கு சில சதங்களாகக் குறுகிய காலமும் ஒரே காலம்.

படைப்புக்கே நேர்ந்த கதியும் உண்டு. புத்தகம் அச்சாகிவிட்டால் அதை ஒரு வாசிகசாலையிலாவது தேடிப் பிடிக்கலாம். இணையச் சேவையில் மட்டும் வாழும் படைப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் வோர்னர் நிறுவனம், படப்பிடிப்பு முடிந்துவிட்ட "பற்கேர்ள்" என்ற முழுநீளப் படத்தை வெளியிடாமலே புதைத்தது. வரிக் கணக்கில் நட்டமாக எழுதுவது வெளியிடுவதிலும் இலாபம் என்பதே அப்போது எங்கும் பேசப்பட்ட காரணம். அதே மாதத்தில் தன் சேவையிலிருந்து பல நிகழ்ச்சிகளை நீக்கியது. அவற்றுள் "செசமி ஸ்ட்ரீட்" என்ற சிறுவர் நிகழ்ச்சியின் ஏறத்தாழ 200 பழைய பகுதிகளும் அடங்கும்.

அந்தச் சிறுவர் நிகழ்ச்சியைப் பற்றிச் சிறிது நின்று பேசவேண்டும். ஆசிரியர்கள் படிக்கும் ஏட்டில் அது பொருந்தும். 1969 நவம்பரில் அது தொடங்கியபோது அதன் நோக்கம் வெளிப்படையானது. பாலர் பாடசாலைக்குச் செல்ல வசதியற்ற, நகர்ப்புறச் சேரிகளின் குழந்தைகளுக்கு, குறிப்பாகக் கறுப்பினக் குழந்தைகளுக்கு, எழுத்தையும் எண்ணையும் வீட்டுத் திரையிலேயே கற்பிப்பது. பொதுத் தொலைக்காட்சியிலே வந்தது. அன்ரனா இருந்தால் போதும். அக்குழந்தைகளின் பெயராலே எழுந்த அந்த நிகழ்ச்சி, பணமுடையினால் 2016 ஜனவரி தொடக்கம் கட்டணச் சேவையான எச்.பி.ஓ.வுக்குச் சென்றது. புதிய பகுதிகளை முதலிற் பார்ப்பவர் பணங் கட்டியோர் பிள்ளைகள். ஏழையின் பிள்ளை பார்ப்பது ஒன்பது மாதங்களின் பின்னர். "அ" என்ற எழுத்துக்கும் ஒன்பது மாதக் காத்திருப்பு! 2025இல் நெட்பிளிக்ஸோடு ஏற்பட்ட உடன்படிக்கையில் பொதுத் தொலைக்காட்சியிலும் அதே நாளில் வரும் என்று ஒழுங்காயிற்று, அது நன்றே. ஆனால் அதே 2025 ஜூலையில் பொது ஒளிபரப்புக்கென ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 110 கோடி டொலரைக் காங்கிரஸ் திருப்பிப் பறித்தது. தட்டு வந்தது, சோறு போயிற்று.

இனி அன்ரனாவுக்கு வருவோம். கம்பி அறுப்போர் இதனைப் பணம் மிச்சப்படுத்தும் உபாயமாக மட்டுமே நோக்குகின்றனர். நாம் இதில் வேறொன்றைக் காண்கிறோம். இந்த முழுக் கூத்திலும் வாடகையற்ற ஒரே பொருள் அன்ரனாதான். அது பார்ப்பவனின் பெயரைக் கேட்பதில்லை. அவன் எதை எத்தனை மணிக்குப் பார்த்தான் என்று எவருக்கும் அறிவிப்பதில்லை. ஒரு தெருவில் பத்துப்பேர் பிடித்தாலும் பத்தாயிரம் பேர் பிடித்தாலும் அலை குறைவதில்லை. புயலடித்து இணையம் அறுந்த நாளிலும், கோபுரம் நிற்குமாயின், செய்தி வருகின்றது. 2009 ஜூன் 12ஆம் நாளோடு அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் யாவும் டிஜிற்றல் முறைக்கு மாறியபின், படமும் தெளிவானது. கேபிளில் நெருக்கி அடைக்கப்பட்டு வரும் படத்தைவிடப் பல இடங்களில் அன்ரனாப் படமே மேலானது. அந்த மாற்றத்தின்போது பழைய பெட்டி வைத்திருந்தோருக்கு மாற்றுக் கருவி வாங்க 40 டொலர் கூப்பன், வீட்டுக்கு இரண்டு, அரசே வழங்கியது என்பதை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

இது தற்செயலான தாராளமன்று. 1934ஆம் ஆண்டின் தொடர்பாடற் சட்டம், அலைவரிசை எவருக்கும் சொந்தமாகாது, பொதுநலனுக்காகக் குறித்த காலத்துக்கு அநுமதிப்பத்திரம் மட்டுமே வழங்கப்படும் என்று விதித்தது. முதலாளித்துவத்தின் தலைநகரத்திலேயே வானம் பொதுவுடைமை! அச்சட்டத்தைச் செய்தவர் அவ்வாறு அழைக்கச் சம்மதியார். அது வேறு விடயம்.

பொதுவானதைப் பொதுவாகவே வைத்திருக்க முயன்றவர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2012இல் நியூயோர்க்கில் ஏரியோ என்ற கொம்பனி, நாணய அளவான சிறு அன்ரனாக்களை ஆயிரக்கணக்கில் ஒரு கட்டிடத்தில் வைத்து, ஆளுக்கொன்றாக வாடகைக்குக் கொடுத்தது. அன்ரனா பிடித்ததை இணையவழி அந்த ஆளுக்கு அனுப்பியது. 2014 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற வாக்கில் இது பதிப்புரிமை மீறல் என்றது. அது இலாபத்துக்காக இயங்கிய கொம்பனி. அதற்காக நாம் கண்ணீர் சிந்த வேண்டியதில்லை. லோகாஸ்ட் என்பதன் கதை வேறு. இலாப நோக்கற்ற அமைப்புகள், செலவுக்குமேல் பணம் அறவிடாமல், உள்ளூர் ஒளிபரப்பை மக்களுக்கு எடுத்துச் செல்லலாம் எனச் சட்டத்திலேயே ஒரு விலக்கு உண்டு. அவ்விலக்கை நம்பி 2018இல் அது தொடங்கியது. உயர்ந்த கட்டிடங்களின் நிழலில் அன்ரனா வேலைசெய்யாத நகரவாசிகளுக்கு அவர்களது ஊர் நிலையங்களையே இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. மாதம் ஐந்து டொலர் நன்கொடை வேண்டியது. நான்கு பெரிய வலையமைப்புகளும் 2019இல் வழக்குத் தொடுத்தன. 2021 ஓகஸ்டின் இறுதியில் வந்த தீர்ப்பு என்ன? நன்கொடையில் மிஞ்சியதைப் புதிய ஊர்களுக்குச் சேவையை விரிப்பதற்குச் செலவிட்டதால் விலக்குப் பொருந்தாது என்பது. முதலாளி கிளை திறந்தால் வளர்ச்சி. தொண்டன் கிளை திறந்தால் குற்றம்! சில நாட்களுக்குள் லோகாஸ்ட் மூடப்பட்டது. பென்சில்வேனியச் சுரங்க ஊர் தன் மலைமேல் நாட்டிய பொது அன்ரனாவின் நேர்வாரிசு அதுவே. எழுபது ஆண்டுகளில் சமுதாய அன்ரனா சட்டவிரோதமாயிற்று.

அலைகளும் விற்கப்பட்டன. தொலைக்காட்சி நிலையங்களுக்கு இனாமாகக் கொடுத்திருந்த அலைவரிசைகளில் ஒரு பகுதியை அரசு திருப்பி எடுத்துக் கைத்தொலைபேசிக் கொம்பனிகளுக்கு ஏலத்தில் விற்றது. 2017இல் முடிந்த அந்த ஏலத்தில் 1980 கோடி டொலர் கிடைத்தது. அதிற் சுமார் 1000 கோடி, அலையைத் திருப்பிக் கொடுத்த நிலைய உடைமையாளருக்கே சென்றது. விலையின்றிப் பெற்றதைத் திருப்பித் தந்தமைக்கு விலை! நம் கிராமத்து உடையார்கள்கூட இவ்வளவு கற்றிருக்கவில்லை.

விளையாட்டும் நழுவுகின்றது. அமெரிக்கத் தொழிலாளிக்கு அவர்களுடைய உதைபந்து ஏறக்குறைய ஞாயிறு வழிபாட்டுக்குச் சமம். 2024 ஜனவரி 13ஆம் நாள் அதன் இறுதிச் சுற்று ஆட்டங்களுள் ஒன்று, கன்சாஸ் சிற்றிக்கும் மயாமிக்கும் நடந்தது, பீகொக் சந்தாதாரருக்கு மட்டுமே காட்டப்பட்டது. இரு நகரத்தாரும் அன்ரனாவில் பார்த்தனர். மிகுதி நாடு பணங் கட்டியது.

நம் முகாமிலேயே சிலர், தொலைக்காட்சி என்பதே மக்களை மயக்கும் அபின், அது கம்பியில் வந்தாலென்ன காற்றில் வந்தாலென்ன என்று உதட்டைப் பிதுக்குவர். இது புரட்சிகரமாகத் தொனிக்கின்ற சோம்பேறித்தனம். அமெரிக்கத் தொலைக்காட்சி பரந்த பாழ்நிலம் என்று 1961ஆம் ஆண்டிலேயே நியூற்றன் மினோ ஒளிபரப்பு முதலாளிகளின் முகத்துக்கு நேரே கூறினார். கூறியவர் புரட்சிக்காரரல்லர், அரசின் தொடர்பாடல் ஆணைக்குழுத் தலைவர். அவருக்கு அவ்வாறு கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது? அலை பொதுமக்களுடையது என்ற சட்டத்திலிருந்து. ஆறு ஆண்டுகளின் பின் 1967இல் பொது ஒளிபரப்புச் சட்டம் வந்தது. அதன் நிழலிலே அந்தச் சிறுவர் நிகழ்ச்சி வந்தது. நெட்பிளிக்ஸ் தலைவரை அவ்வாறு நிறுத்திக் கேட்க எந்த ஆணைக்குழுவுக்கும் அதிகாரமில்லை. அவர் எவருடைய காணியிலும் குடியிருக்கவில்லை அன்றோ? நிகழ்ச்சிகள் நல்லனவா தீயனவா என்ற வாதத்தை நடத்துவதற்கே ஒரு பொது இடம் வேண்டும். அன்ரனாவிலும் சவர்க்கார விளம்பரமும் சூதாட்டக் கேளிக்கையும் வராமலில்லை. ஆயினும் அங்கே முறையிட ஒரு கதவு உண்டு.

நம் நாட்டில் கதை வேறு விதமானது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினியும் அன்ரனா வழியாகவே வந்தன. யாழ்ப்பாணத்து வீட்டுக் கூரைகளின் மேல், தென்னையோடு போட்டியிட்டு எழுந்த கம்பங்களில், தமிழ்நாட்டு ஒளிபரப்பைப் பிடிக்க அன்ரனாவைத் திருப்பித் திருப்பி வைத்த காலத்தை மூத்த வாசகர் அறிவர். அலைக்குக் கடவுச்சீட்டுத் தேவைப்படவில்லை. இன்று மலையகத்து லயன் கூரைகளிலும் செய்மதித் தட்டுகள் பூத்திருக்கின்றன. நாட்சம்பளத்திலிருந்து ஒரு பகுதி அதற்குப் போகின்றது. இலவசமாய் வருகின்ற அரச ஒளிபரப்பிலே தன் வாழ்வும் தன் மொழியும் எவ்வளவு இடம் பெற்றன என்பதைத் தோட்டத் தொழிலாளி தட்டு வாங்குவதன் மூலமே மதிப்பிட்டுவிட்டான். அரசுடைமை என்பது பதவியிலிருக்கும் அமைச்சரின் ஊதுகுழல் என்று ஆகிவிட்டால் பொதுமக்கள் அதைப் பாதுகாக்க வரமாட்டார்கள். இதை நாம் மறைப்பதால் பயனில்லை. நேத்ரா அலைவரிசைக்கு நல்ல நாடகமும் நல்ல கல்வி நிகழ்ச்சியும் கேட்டுப் போராடாத நாம், மாணவர் இணையச் சந்தாவுக்குப் பணம் சேர்ப்பதைக் கண்டு முகஞ்சுளிக்க முடியாது.

அமெரிக்காவில் இப்போது அன்ரனாவின் மேலேயே கைவைக்கப்படுகின்றது. 2017இல் அநுமதிக்கப்பட்ட புதிய ஒளிபரப்பு முறையிலே அலைக்குப் பூட்டுப் போட வசதியுண்டு. பல நிலையங்கள் பூட்டியும் விட்டன. பூட்டைத் திறக்க அங்கீகாரம் பெற்ற கருவி வேண்டும். அன்ரனாவில் பிடித்ததை வீட்டிலே பதிவுசெய்து வைக்கும் சில கருவிகள் இப்பூட்டின் முன் செயலற்று நின்றன. பழைய, பூட்டற்ற முறையைப் பெரிய 55 சந்தைகளில் 2028 பெப்ரவரியிலும் ஏனையவற்றில் 2030 பெப்ரவரியிலும் நிறுத்தவேண்டும் என்று 2025 பெப்ரவரியில் ஒளிபரப்பு நிலைய உடைமையாளரின் தேசிய சங்கம் ஆணைக்குழுவிடம் மனுச் செய்தது. பழைய முறையை எப்போது நிறுத்துவதென்று நிலையங்களே தீர்மானிக்கலாம் என்ற பிரேரணையை ஆணைக்குழு அதே ஆண்டு ஒக்டோபரில் முன்வைத்தது. கம்பியை அறுத்து அன்ரனா நாட்டியவர்களுள் ஆயிரக்கணக்கானோர், இந்தப் பூட்டை அநுமதிக்கவேண்டாமென்று அந்த ஆணைக்குழுவுக்கு எழுதியிருக்கிறார்கள். கேபிளை அறுத்தபோது ஒவ்வொருவரும் தனித்தனியே அறுத்தனர். இம்முறை சேர்ந்து கையெழுத்திட்டிருக்கின்றனர்.